சொசைட்டி கமிட்டியில் புதிதாகச் சேர்ந்தவருக்கு: தலையாட்டாமல் முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

மும்பையில் பழைய கட்டடத்தில் ஃபிளாட் வாங்கினால் கூடவே ஒரு பதவியும் வந்து சேரும். செம்பூரிலோ மாட்டுங்காவிலோ முலுண்டிலோ குடிவந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். உங்களுக்கு வயது நாற்பதுக்குள், கம்ப்யூட்டர் தெரியும். சொசைட்டியின், அதாவது ஃபிளாட்காரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு சங்கத்தின், பொதுக்கூட்டத்தில் "யாராவது இளைஞர் கமிட்டிக்கு வரட்டுமே" என்பார் சேர்மன். எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். மனசுக்குள் வேண்டாம் என்று இருந்தாலும் "சரி" என்று சொல்லிவிடுவீர்கள். இந்தக் கட்டுரை பேசப்போவது அந்தச் "சரி"யைப் பற்றித்தான்.

கமிட்டி என்றால் சின்ன விஷயம் இல்லை. மொட்டைமாடி ஒழுகலை எந்தக் கான்ட்ராக்டரிடம் கொடுப்பது, லிஃப்டை மாற்றுவதா ரிப்பேர் செய்வதா, செக்யூரிட்டி ஏஜென்சியை நிறுத்தலாமா என்று ஆரம்பித்து, கட்டடத்தையே இடித்துக் கட்டும் ரீடெவலப்மென்ட் வரைக்கும் முதலில் பேசி உருவம் கொடுப்பது இந்தப் பத்துப் பேர்தான். பத்துப் பேரும் மறுநாள் காலை ஒரே லிஃப்டில் இறங்க வேண்டியவர்கள். சிக்கலே அங்கேதான். கோடிக்கணக்கில் நஷ்டம் தரும் முடிவுகளைக்கூடப் பெரும்பாலும் எடுப்பவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் முறித்துக்கொள்ள விரும்பாத நல்ல மனிதர்கள்.

அதனால் "தைரியமாக எழுந்து பேசுங்கள்" என்று நான் சொல்லப்போவதில்லை. தைரியம் எல்லோருக்கும் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வராது. கூட்டம் நடக்கும் வரிசையைக் கொஞ்சம் மாற்றிவிட்டால் அவ்வளவு தைரியம் தேவையும் படாது.

அந்த மூன்று விநாடி

ஞாயிறு காலை பத்தரை மணி, சொசைட்டி ஆபீஸ். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தட்டில் சமோசா. மொட்டைமாடி ஒழுகலைச் சரிசெய்ய வந்த மூன்று கொட்டேஷன்களைச் செக்ரட்டரி படிக்கிறார்: 9 லட்சம், 11 லட்சம், 14 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நான் விசாரித்துவிட்டேன், 11 லட்சக்காரர் நம்பகமான ஆள்" என்கிறார். இரண்டு மூத்த உறுப்பினர்கள் தலையாட்டுகிறார்கள். சேர்மன் கேட்கிறார்: "சப்கோ மஞ்சூர் ஹை நா?" (எல்லோருக்கும் சம்மதம்தானே?) மூன்று விநாடி மௌனம். மினிட்ஸ் புத்தகத்தில் 'ஏகமனதாக ஏற்கப்பட்டது' என்று ஏறிவிடுகிறது.

அந்த மூன்று விநாடியில் ஒவ்வொரு தலைக்குள்ளும் ஏதோ ஓடுகிறது. ஒருவருக்கு கேரன்டி எத்தனை வருடம் என்று சந்தேகம். இன்னொருவருக்கு 9 லட்சம் ஏன் வேண்டாம் என்று கேட்க ஆசை. ஆனால் எல்லோரும் பேசாமல் இருப்பதைப் பார்த்து, நமக்குத்தான் புரியவில்லை போல என்று ஒவ்வொருவரும் முடிவுசெய்கிறார்கள். நம் ஆட்களுக்கு இன்னொரு தடையும் உண்டு: நம்முடைய இந்தியை வைத்துக்கொண்டு இவ்வளவு பேர் முன்னால் எதற்கு வாயைக் கொடுப்பது என்ற கூச்சம். கூட்டம் முடிந்து லிஃப்டுக்குப் போகும் வழியில் இன்னொரு தமிழரைப் பார்த்தால் மட்டும் வார்த்தை வெளியே வரும்: "என்னமோ எனக்கு இது சரியாப் படலை சார்." அவரும், "எனக்கும்தான்" என்பார். மௌனம் சம்மதம் என்று கல்யாணப் பேச்சில் சொல்வதைக் கணக்கு வழக்கிலும் நம்பினால் இப்படித்தான் ஆகும்.

இது நம்ம ஊர் வியாதி மட்டுமல்ல. 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் மிக எளிமையான ஒரு சோதனை நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பது. தனியாகக் கேட்டால் கிட்டத்தட்ட யாரும் தப்பு செய்யாத கேள்வி. ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் வேண்டுமென்றே ஒரே தப்பான பதிலைச் சொன்னார்கள். அந்தச் சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகமான பதில்கள் கூட்டத்தின் தப்பையே திருப்பிச் சொன்னவை. ஒருமுறையாவது கூட்டத்தோடு போனவர்கள் நான்கில் மூன்று பேர். இத்தனைக்கும் அங்கே யாரும் யாரையும் மிரட்டவில்லை. சொசைட்டி மாதிரி இருபது வருடப் பழக்கமும் இல்லை.

நமக்கு உபயோகமான செய்தி அந்தச் சோதனையின் பின்பகுதியில்தான் இருக்கிறது. அறையில் வேறு ஒரே ஒரு ஆள் சரியான பதிலைச் சொன்னால்கூட, கூட்டத்தோடு ஒத்துப்போவது சுமார் கால்பங்காகக் குறைந்தது. பதிலை வாயால் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோதும் வெகுவாகக் குறைந்தது. கீழே வரும் படிகளில் பாதி இந்த இரண்டு விஷயத்தின் மேல் நிற்பவை.

முதல் படி: கூட்டத்துக்கு முந்தைய கூட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

முடிவு ஞாயிற்றுக்கிழமை எடுக்கப்படுகிறது என்று நம்பாதீர்கள். சனிக்கிழமை மாலை செக்ரட்டரி வீட்டு ஃபில்டர் காபியோடு பாதி முடிந்திருக்கும். அதில் ஒளிவுமறைவு எதுவும் இருக்க வேண்டியதில்லை, நாலு பேர் பேசிப் பழகியவர்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு பேர் ஒரே குரலில் ஆரம்பித்தால் மீதி ஆறு பேருக்கு ஆஷ் சோதனையில் தனியாக மாட்டிக்கொண்டவரின் கதிதான்.

உங்களையும் அந்தக் காபிக்கு அழைப்பார்கள். போங்கள், நல்ல காபியை விட வேண்டாம். அங்கே ஒரு வசனம் வரும்: "பாருங்க, நாம தமிழ் ஆளுங்க இந்த பில்டிங்ல கொஞ்சம் பேர்தான். நாம ஒண்ணா நிக்கணும்." மொழிப்பாசத்தோடு வரும் இந்தப் பேச்சுதான் மறுக்க ஆகச் சிரமமானது. சண்டை வேண்டாம். "மாமா, ஒண்ணாவே நிப்போம். ஆனா எதுக்கு ஓட்டுன்னு பேப்பர் எல்லாம் பார்த்துட்டு சொல்றேனே" என்று சொன்னால் போதும். வாக்கு கொடுக்காமல் வெளியே வருவதுதான் இந்தப் படியில் உங்கள் வேலை.

இன்னொரு ஆளையும் கவனியுங்கள். சேர்மனுக்குச் சங்கடம் வராமல் காப்பாற்றுவதைத் தன் கடமையாக எடுத்துக்கொண்டவர். முந்தைய இரவு போன் செய்து, "அவர் முடிவு பண்ணிட்டார், நாளைக்கு எதையும் கிளற வேண்டாமே" என்பார். இப்படிப்பட்டவர் வெள்ளை மாளிகையிலேயே இருந்திருக்கிறார். 1961 ஏப்ரலில் சுமார் 1,400 நாடுகடந்த கியூபர்களை வைத்து, பிக்ஸ் விரிகுடா வழியாக கியூபாவுக்குள் நுழைய அமெரிக்கா முயன்றது. மூன்றே நாளில் படுதோல்வி. கென்னடியின் ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் இந்தத் திட்டம் வேண்டாம் என்று முன்பே எழுத்தில் கொடுத்திருந்தார். அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி அவரைத் தனியாக அழைத்து, அண்ணன் மனதை உறுதி செய்துவிட்டார், இனி வற்புறுத்தாதீர்கள் என்றார். கூட்ட அறையிலும் ஷ்லெசிங்கர் ஒன்றிரண்டு தயக்கமான கேள்விகளோடு நிறுத்திக்கொண்டார். பின்னாளில் அதை எண்ணி வருந்தி எழுதினார். இர்விங் ஜேனிஸ் என்ற உளவியலாளர் 1970களின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட தோல்விகளை ஆராய்ந்துதான் 'குரூப்திங்க்' என்ற பெயரைப் பரவலாக்கினார். கெட்டிக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, ஒற்றுமை கெடக்கூடாது என்பதற்காகச் சந்தேகங்களை விழுங்கிவிடுவதுதான் அது.

இரண்டாம் படி: பேசுவதற்கு முன்னால் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். புதிதாக வந்தவர் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "சார், நான் புதுசு, எல்லார் கருத்தும் எழுத்துல இருந்தா எனக்குப் புரிய வசதியா இருக்கும்" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

ஏ4 தாளை நாலாகக் கிழித்தால் நாலு சீட்டு. கொட்டேஷன் நகல்களை மூன்று நாள் முன்பே அனுப்பிவிட்டு, கூட்டம் ஆரம்பித்ததும் யாரும் வாய் திறப்பதற்கு முன் சீட்டைக் கொடுங்கள். மூன்று கேள்வி போதும்: எந்தக் கொட்டேஷன்? எவ்வளவு உறுதி, பத்துக்கு எத்தனை? எந்த ஒரு விஷயம் தெரிந்தால் மனதை மாற்றிக்கொள்வீர்கள்? பெயர் வேண்டாம். தமிழிலோ மராத்தியிலோ எழுதலாம், பக்கத்து நாற்காலிக்காரர் மொழிபெயர்த்துக்கொள்வார். சீட்டுகளைக் கலைத்து, செக்ரட்டரி அல்லாத ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும்.

முதல்முறை செய்யும்போது ஆளாளுக்குச் சிரிப்பார்கள், பள்ளிக்கூடப் பரீட்சையா என்று. சிரிக்கட்டும். படிக்க ஆரம்பித்ததும் அமைதியாகிவிடும். ஏனென்றால் 'ஏகமனது' என்று எல்லோரும் நினைத்தது, சீட்டில் ஐந்துக்கு ஐந்தாக நிற்கும். அல்லது எட்டுப் பேர் ஒரே பெயரை எழுதியிருந்தாலும், உறுதி பத்துக்கு நாலு, ஐந்து என்றுதான் இருக்கும். இந்த இரண்டாவது எண்தான் முக்கியம் என்பேன். அரைமனதோடு எட்டுப் பேர் சொல்லும் 'ஆம்', கை தூக்கும்போது முழுமனதான எட்டு ஆமாகத் தெரியும்.

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களைத் தனியாக எடுத்துவையுங்கள். 'கேரன்டி எத்தனை வருடம்?', 'இவர் முன்பு செய்த கட்டடத்தைப் பார்த்தோமா?' என்று வரும். அதுதான் அன்றைய கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல், பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்தால் இதே வேலை நடக்குமே என்று தோன்றலாம். நடக்காது. அங்கே யார் எதற்குப் போட்டார்கள் என்பது பொதுவாக மற்றவர்களுக்கும் தெரியும். அதிலும் மூத்தவர் ஒருவர் முதல் கட்டைவிரலைத் தூக்கிவிட்டால், பின்னால் வருபவர்கள் கொட்டேஷனைத் திறக்காமலே கட்டைவிரலை வரிசையாக அடுக்குவார்கள். நாற்பது கட்டைவிரல் இருந்தாலும் யோசித்தவர் ஒருவர்தான். பெயர் கேட்காத கூகுள் ஃபார்ம் ஒன்று போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாம் படி: பெரியவர் கடைசியில் பேசட்டும்

சேர்மனிடம் முன்கூட்டியே தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். "உங்க அபிப்பிராயத்தைக் கடைசியா சொன்னீங்கன்னா மத்தவங்களும் பேசுவாங்க சார்" என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார், மரியாதையாகத்தானே கேட்கிறோம். பிக்ஸ் விரிகுடாவில் சூடுபட்ட கென்னடி, 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது சில கூட்டங்களில் தானே உட்காராமல் இருந்துவிட்டார், ஆலோசகர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியே யோசிக்கவைத்தார். பதின்மூன்று நாள், போரில்லாமல் முடிந்தது.

நான்காம் படி: தரைத்தளத்துக்காரரிடம் கேளுங்கள்

1985இல் கேரல்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் என்ற இருவர் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். குழுக்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசும், ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் மேசைக்கே வராமல் போய்விடும். சொசைட்டிக் கூட்டத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ரீடெவலப்மென்ட் பேச்சு வந்தால், கார்ப்பெட் ஏரியா (வீட்டின் உள்பரப்பு) எவ்வளவு கூடும் என்று அரைமணி நேரம் ஓடும், அது எல்லோருக்கும் தெரிந்த பேச்சு.

ஆனால் புதுக் கட்டடத்தில் மீட்டர் ரூமும் பம்ப் ரூமும் எந்த உயரத்தில் வர வேண்டும்? இதற்குப் பதில் தெரிந்தவர் தரைத்தளத்தில் முப்பது வருடமாக இருக்கும் பாட்டிதான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது தண்ணீர் எந்த ஜன்னல் விளிம்புவரை வந்தது என்று அவருக்குத் தெரியும். பத்தாவது மாடி விலை பேசும் கூட்டத்தில் அவரை யாரும் கேட்பதில்லை, அவரும் கேட்காமல் சொல்லமாட்டார். அதனால் "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், அதற்குப் பதில் எப்போதும் மௌனம்தான். பெயர் சொல்லி, அவருக்குத் தெரிந்ததைக் கேளுங்கள்: "பாட்டி, 2005ல தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சு?" மேல்மாடிக்காரரிடம் ஒழுகலைக் கேளுங்கள். வாட்ச்மேனிடம்கூடக் கேளுங்கள், ராத்திரி பம்ப் எத்தனை தடவை ஓடுகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

வேண்டுமென்றே ஒருவருக்கு 'எதிர்த்துப் பேசும் ஆள்' என்று வேஷம் கொடுக்கும் முறையும் உண்டு. எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. நடிக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்ததும் அது நாடகமாகிவிடும். சார்லன் நெமெத் என்ற உளவியலாளரின் ஆய்வுகளும், உண்மையாகவே மறுப்பவர் குழுவை யோசிக்கவைக்கும் அளவுக்கு வேஷம் போட்டவர் யோசிக்கவைப்பதில்லை என்றே காட்டின. நிஜமாகச் சந்தேகப்படுபவர் ஒவ்வொரு கட்டடத்திலும் இருக்கிறார். அவருக்கு எதற்கெடுத்தாலும் வம்பு செய்பவர் என்று ஒரு பட்டப்பெயரும் இருக்கும். அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

ஐந்தாம் படி: பெரிய முடிவென்றால், கெட்டுப்போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள்

இது ரீடெவலப்மென்ட் மாதிரி விஷயங்களுக்கு மட்டும், வாட்டர்ப்ரூஃபிங்குக்கெல்லாம் வேண்டாம். கேரி க்ளைன் என்ற ஆய்வாளர் சொன்ன முறை. கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லோரிடமும் சொல்லுங்கள்: "மூன்று வருடம் ஆகிவிட்டது. கட்டடம் பாதியில் நிற்கிறது. பில்டர் கொடுக்க வேண்டிய வாடகைச் செக் ஆறு மாதமாக வரவில்லை. டோம்பிவிலியில் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். ஏன் இப்படி ஆயிற்று? ஐந்து நிமிடம் எழுதுங்கள்."

'ஏதாவது ஆபத்து இருக்கிறதா?' என்று கேட்டால் அபசகுனமாகப் பேசுகிறான் என்பார்கள். ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று ஆரம்பித்தால் அதே ஆட்கள் வரிசையாகக் காரணம் எழுதுவார்கள்: பேங்க் கேரன்டி வாங்கவில்லை, பில்டரின் மற்ற இடங்களைப் போய்ப் பார்க்கவில்லை, மகாரேரா (மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளத்தில் அவருடைய பழைய திட்டங்களைத் தேடவில்லை. ஒவ்வொன்றும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகவோ, அடுத்த வாரத்துக்கு ஒரு வேலையாகவோ மாற வேண்டும்.

அன்றைக்கே முடிவும் எடுக்காதீர்கள். ஒரு வாரம் இடைவெளி விட்டு இன்னொரு கூட்டம் வையுங்கள், மிச்சமிருக்கும் சந்தேகத்தைச் சொல்வதற்கென்றே. இது ஜேனிஸ் சொன்ன யோசனை. "இந்த ஆஃபர் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்" என்று பில்டரின் ஆள் சொன்னால், ஒரு வாரம் இரண்டு வாரமாகட்டும்.

ஆறாம் படி: எப்படி மறுப்பது

ஆஷ் சோதனையில் பார்த்தோமே, ஒரு துணை இருந்தால் போதும். கூட்டத்துக்கு முன்பே அந்த ஒருவரைத் தேடிப்பிடியுங்கள், அவர் தமிழராக இருக்க வேண்டியதில்லை. இல்லாவிட்டால் நல்லதும்கூட, 'மதராசி கோஷ்டி' என்ற பேச்சு வராது. நீங்கள் கேள்வி கேட்டதும், "எனக்கும் அது தெரியணும்" என்று அவர் சொன்னால் போதும்.

ஆளைத் தொடாமல் தாளைத் தொடுங்கள். "செக்ரட்டரிக்கு வேண்டிய கான்ட்ராக்டர்" என்றால் அன்றோடு கதை முடிந்தது. "இரண்டாவது கொட்டேஷன்ல கேரன்டி எத்தனை வருஷம்னு போடலையே, கேட்டுட்டு முடிவு பண்ணலாமா?" என்றால் யாருக்கும் கோபப்பட இடமில்லை.

ஒரு பொறியில் மட்டும் விழாதீர்கள். "சரி, இந்த ஆள் மோசம்னு நீங்க நிரூபிங்க" என்பார்கள். 1986 ஜனவரி 27 இரவு, சாலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய இரவு, ராக்கெட் பூஸ்டர் செய்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் இவ்வளவு குளிரில் ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். ஆபத்து இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு மெதுவாகப் புரண்டு, ஆபத்து இருக்கிறது என்று நிரூபிக்கும் சுமையாக அவர்கள் தலையில் விழுந்தது. கடைசியில் பொறியாளர்களை ஒதுக்கிவிட்டு மேலாளர்கள் சம்மதம் கொடுத்தார்கள். மறுநாள் காலை ஏழு பேர் இறந்தார்கள். உங்கள் கூட்டத்தில் உயிர் போகாது, ஆனால் வாதம் புரளும் விதம் இதேதான். "நிரூபிக்க என்கிட்ட எதுவும் இல்லை. பணம் கொடுக்கப்போவது நாம, அதனால நம்பிக்கையானவர்னு அவங்கதான் காட்டணும்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது

ரீடெவலப்மென்ட்டுக்கு மகாராஷ்டிர கூட்டுறவு சங்கச் சட்டத்தின் 79ஏ பிரிவின் கீழ் அரசு வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. 2009இல் வந்தவை, 2019 ஜூலையில் திருத்தப்பட்டவை. அந்தச் சிறப்புக் கூட்டத்துக்கு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் வந்திருக்க வேண்டும், மொத்த உறுப்பினர்களில் 51 சதவீதம் சம்மதிக்க வேண்டும். வந்தவர்களில் 51 அல்ல. "எல்லாரும் சம்மதிச்சுட்டாங்க, நீங்க மட்டும்தான் பாக்கி" என்று கதவைத் தட்டுபவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். எல்லோரிடமும் இதே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறார் என்பது சில சமயம் தெரியவரும். கமிட்டி கூட்டமே போட மறுத்தால், ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டுச் சிறப்புப் பொதுக்கூட்டம் கேட்கலாம், மாதிரி துணைவிதிகளிலேயே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஓட்டில் தோற்றவர்கள் எல்லாம் மற்றவர்களை மந்தை என்று திட்டுவதையும் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஒத்துப்போனாலே அது தப்பான முடிவு ஆகிவிடாது. ஜேனிஸ் சொன்னது முழுவதையும் பின்னால் வந்த ஆய்வுகளும் ஏற்கவில்லை, நெருக்கமான குழு என்பதாலேயே முடிவு கெடும் என்று காட்ட முடியவில்லை. ஹோலிக்கும் கணபதிக்கும் ஒன்றாகச் சாப்பிடும் சொசைட்டி நன்றாகவே முடிவெடுக்கலாம். சீட்டு எழுதி, சந்தேகங்களைப் பேசி, அப்புறமும் உங்கள் பக்கம் தோற்றால் வேலையை ஒத்துழைத்து நடத்துங்கள்.

ஆனால் மறுப்பு தாளில் இருக்கட்டும். 'ஏகமனதாக' என்று எழுதப் போகும்போதே "என் பெயரில் மறுப்பு என்று போடுங்கள், காரணம் ஒரு வரி" என்று கேளுங்கள். மினிட்ஸ் வரைவு வந்ததும் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். விட்டிருந்தால் செக்ரட்டரிக்கு அரைப்பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் சொசைட்டி முத்திரையும் தேதியும் வாங்கி, ஷேர் சர்டிஃபிகேட் வைத்திருக்கும் ஃபைலிலேயே போட்டுவையுங்கள்.